இரண்டு பேர் சேர்ந்து தொழில் தொடங்குகிறோம். பான், உத்யம் எல்லாம் வாங்கியாச்சு. இதற்கு மேலும் பதிவு செய்ய வேண்டுமா?

மைத்துனரோடு சேர்ந்து பத்தமடைப் பாய் வாங்கி விற்கப் போகிறீர்கள். ஸ்டாம்ப் பேப்பரில் பங்குதாரர் ஒப்பந்தம் எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிட்டீர்கள். நிறுவனத்தின் பெயரில் பான் கார்டு, கரண்ட் அக்கவுண்ட், உத்யம் என்ற சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் எல்லாம் கையில் இருக்கிறது. இதற்கு மேலும் பதிவு என்று ஒன்று உண்டா, விட்டுவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. கூட்டு நிறுவனத்தையே மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்வதுதான் அது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கடனுக்குச் சரக்கு அனுப்பும் முதல் நாளுக்கு முன்னாலேயே அதை முடித்துவிடுங்கள்.

நானும் என் மச்சானும் 2021-ல் கல்லிடைக்குறிச்சியில் அப்பளத் தொழில் தொடங்கினோம். இன்று உங்களிடம் இருக்கும் அதே காகிதங்கள்தான் எங்களிடமும் இருந்தன. கூடவே உணவுப் பாதுகாப்புப் பதிவும் வாங்கியிருந்தோம். அப்பளத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதால் அந்த வேலை இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தோம்.

அப்பளம் எவ்வளவு கைவேலை என்பது செய்தவர்களுக்குத் தெரியும். உளுந்து மாவில் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து, உலக்கையால் இடிக்க வேண்டும். இழுத்தால் அறுந்துபோகாமல் நீண்டு வருகிற பதம் வரும்வரை இடிக்க வேண்டும். அப்புறம் எண்ணெய் தொட்டு உருட்டி, துண்டு போட்டு, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் காயவைக்க வேண்டும். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் வெயிலுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மைனியும் இன்னும் ஆறு பெண்களும் அப்படிக் கை வலிக்கத் தேய்த்த சரக்கில் ரூ.1,86,000-க்கு வெளியூர் மொத்த வியாபாரி ஒருவர் வாங்கினார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒன்றரை வருஷம் ஓட்டினார். கடைசியில் போனையே எடுக்கவில்லை.

வக்கீலிடம் போனோம். பில்களையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, ஃபர்ம் ரிஜிஸ்டர் ஆயிருக்கா?" என்றார். உத்யம் சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். "இது இல்ல. டி.ஆர். (மாவட்டப் பதிவாளர்) ஆபீஸ்ல பேரு ஏத்தியிருக்கணும். அது இல்லாம கேஸ் போட முடியாது" என்றார். மச்சான் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

விஷயம் இதுதான். 1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை. அதனால்தான் யாரும் அதைப் பெரிதாக எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் அதே சட்டத்தின் 69-வது பிரிவு, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் தன் வியாபார ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்கிறது. நூறு ரூபாய்க்கு உட்பட்ட சின்ன வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. நமக்கு வரவேண்டியவர் மீது நாம் போக முடியாது, ஆனால் நாம் கொடுக்க வேண்டியவர் நம் மீது தாராளமாக வழக்குப் போடலாம். பங்குதாரர்களுக்குள்ளும் இதே கதைதான். ஒப்பந்தத்தில் எழுதியபடி பங்கு கொடு என்று ஒருவர் மற்றவர் மீது வழக்குப் போட முடியாது; நிறுவனத்தைக் கலைக்கவும், கலைந்த நிறுவனத்தின் கணக்கைக் கேட்கவும், அதன் சொத்தை வசூலிக்கவும் மட்டும் வழி உண்டு. சொந்தத்துக்குள் தொழில் செய்பவர்கள் இதை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

நோட்டரி முத்திரை வேறு, இந்தப் பதிவு வேறு. ஒப்பந்தத்தை ஆவணமாகப் பதிந்துகொண்டாலும்கூட அது நிறுவனப் பதிவு ஆகாது. நம் மாநிலத்தில் மாவட்டப் பதிவாளர்தான் நிறுவனங்களின் பதிவாளர். கடை எந்தப் பதிவு மாவட்டத்துக்குள் வருகிறதோ அந்த அலுவலகம். பதிவுத்துறை இணையதளத்திலேயே விண்ணப்பத்தைத் தொடங்கலாம். நிறுவனத்தின் பெயர், தொழில் நடக்கும் முக்கிய இடம், வேறு கிளைகள், ஒவ்வொரு பங்குதாரரின் முழுப்பெயர், நிரந்தர முகவரி, அவர் சேர்ந்த தேதி, எவ்வளவு காலத்துக்கு இந்தக் கூட்டு என்பதெல்லாம் கேட்பார்கள். எல்லாப் பங்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் நிற்கும். அரசாங்க ஆதரவு இருப்பதுபோலத் தோன்றும் பெயர் வைக்காதீர்கள்.

பெயர் எழுத்து விஷயத்தில் கவனமாக இருங்கள். மச்சான் பெயர் ஒப்பந்தத்தில் இனிஷியலோடு இருந்தது, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. அதைச் சரிசெய்து திரும்பக் கொடுக்கவே எங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. நீங்கள் ஒப்பந்தம் எழுதியாச்சு என்கிறீர்கள். இன்றைக்கே அதையும் இரண்டு ஆதாரையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

உத்யம் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்தப் பதிவுக்கு அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. வங்கிக் கடனுக்கும் சிறுதொழில் சலுகைகளுக்கும் நல்ல பயன் உண்டு. ஆனால் மேலே சொன்ன பதிவின் இடத்தை அது நிரப்பாது. தனி ஒருவர் நடத்தும் கடைக்கு இந்த 69-வது பிரிவுத் தொல்லையே இல்லை. கம்பெனி, எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை) என்றால் மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறையில் பதிவு. அது தனிக் கதை.

எங்கள் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வழக்குப் போடும் நாளில் நிறுவனம் பதிவாகியிருந்து, பங்குதாரர்கள் பெயரும் பதிவேட்டில் இருந்தால் போதும். சரக்கு அனுப்பியது அதற்கு முன்னால் என்றாலும் பரவாயில்லை. சரக்கு விற்ற பணத்துக்கு வழக்குப் போட மூன்று வருஷக் கெடு. கெடு முடிய நாலு மாதம் இருக்கும்போது எங்கள் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதற்கப்புறம்தான் நோட்டீஸ் அனுப்பினோம். வழக்கு நடக்கும்போதே அவர் சமாதானத்துக்கு வந்து ரூ.1,20,000 கொடுத்தார். மீதி போனது போனதுதான். அதில் ஆறு பெண்களின் கூலியும் இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. அவர்களுக்குக் கைக்காசு போட்டுக் கொடுத்தோம்.

சேரும்போது மட்டும் இல்லை, யாராவது விலகினாலும் பதிவாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருஷம் மச்சான் உடம்புக்கு முடியாமல் விலகிக்கொண்டார், மைனி பங்குதாரராக வந்தார். விலகியவர் முறைப்படி அறிவிப்புக் கொடுக்காவிட்டால், வெளியாட்களுக்கு அவர் பொறுப்பு தொடரும். அதற்கு முதல் படியாக, மச்சான் விலகிய அதே வாரத்தில் மூன்று பேரும் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.