மெசேஜ்ல மட்டும் பேசுற பொண்ணு

கேள்வி: பொண்ணு காட்பாடில காலேஜ் படிக்கிறா, கால் பண்ணா எடுக்கறதே இல்ல, மெசேஜ் போட்டா உடனே பதில் வருது. வெளிநாட்டுப் பசங்களும் இப்படித்தானா? - வாசகி, குடியாத்தம்

பதில்: அங்கயும் இப்படித்தாம்மா. 1992 டிசம்பர் 3ல இங்கிலாந்துல முதல் எஸ்எம்எஸ் போச்சு, அது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்துதான். அப்புறம் பசங்க அத அவங்களுதாவே ஆக்கிக்கிட்டாங்க. பிலிப்பைன்ஸ்ல கால் பேசறத விட மெசேஜ் மலிவு, அதுலயே ஒரு தலைமுறை வளந்துச்சு, 2001 ஜனவரில அதிபர் எஸ்ட்ராடாவுக்கு எதிரா மணிலால அவ்ளோ கூட்டம் சேந்ததுக்கு அந்த மெசேஜ்ங்களும் ஒரு முக்கிய காரணம். ஜப்பான்ல ரயில்ல சத்தமா போன் பேசினா மரியாதை இல்லன்னு நினைப்பாங்க, அதனால பசங்க விரலாலயே பேசினாங்க, போன்லயே நாவல் கூட எழுதினாங்க.

மிஸ்டு கால் மட்டும் நம்மளுதுன்னு நினைச்சேன், ருவாண்டா, கென்யாலயும் அதே கததான். ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்கு போன என் தங்கச்சி ஒரு ரிங் விட்டா ஷிப்ட் முடிஞ்சுதுன்னு அர்த்தம், நான் வண்டிய எடுத்துக்கினு கேட்டுக்கு ஓடுவேன்.

எனக்கு மனசு கஷ்டமா இருக்கறது வேற. ஒரு எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ் எழுத்து 160 புடிக்கும், தமிழ்ல அடிச்சா 70தான், அதுலயும் கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனி கணக்கு. அப்ப தமிழ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சுப் பழகினவங்க, வாட்ஸ்அப்ல அந்தக் கட்டுப்பாடே இல்லாத இப்பவும் மாறல. நீங்க பொண்ணுக்கு தமிழ்லயே போடுங்கம்மா, அவளும் தமிழ்லயே பதில் போடட்டும். கால் எடுக்கலன்னு கோச்சுக்காதீங்க, ராத்திரி சாப்ட்டப்புறம் ஒரு நேரம் வச்சு பேசுங்க.