டைனோசர் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் கிடைத்த புதைபடிவங்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?

1823 டிசம்பரில் மேரி ஆனிங் தோண்டி எடுத்த பிளீசியோசாரஸ்தான். அழிந்துபோன ஒரு கடல் ஊர்வன அது.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சின்ன ஊர். மேரியின் அப்பா தச்சர். கடலோரப் பாறைகளில் கிடைக்கும் எலும்பும் சங்குமான கற்களைப் பொறுக்கி, ஊருக்கு வருகிறவர்களுக்கு விற்பார். 1810இல் கடனை வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்புறம் அந்தக் கற்கள்தான் குடும்பத்துக்குச் சோறு போட்டன. மறு வருடம் அண்ணன் ஜோசப் கண்ணில் ஒரு பெரிய மண்டையோடு பட்டது. உடம்பின் மீதியைத் தேடிப் பிடித்தது மேரி. அப்போது வயது 12, 13 இருக்கும். அறிஞர்கள் பின்னால் இக்தியோசாரஸ், அதாவது மீன்பல்லி, என்று பெயர் வைத்தது அந்த விலங்குக்குத்தான்.

இந்த வேலைக்குக் குளிர்காலமே பருவம். மழையிலும் புயலிலும் செங்குத்துப் பாறை இடிந்து விழுந்தால்தான் புது எலும்பு வெளியே தெரியும். எடுக்கத் தாமதித்தால் கடல் ஏறி வாரிக்கொண்டு போய்விடும். 1833இல் அப்படி ஒரு சரிவில் அவருடைய நாய் ட்ரே அவர் காலடியிலேயே புதைந்து செத்தது. ஒரு மயிரிழையில் தப்பினார் மேரி.

சரி, பிளீசியோசாரஸுக்கு வருகிறேன். அந்தப் பெயரை 1821இலேயே வைத்துவிட்டார்கள், துண்டு துண்டாகக் கிடைத்த எலும்புகளை மட்டும் பார்த்து. முழு உடம்பு மேரிக்குத்தான் கிடைத்தது: சின்னத் தலை, நான்கு துடுப்பு, பாம்பு மாதிரி நீண்ட கழுத்து. கழுத்தில் மட்டும் 35 எலும்பு! ஒட்டகச்சிவிங்கிக்கே ஏழுதான். பாரிஸில் இருந்த குவியே, அன்றைக்கு உடற்கூற்றியலில் அவர் சொன்னதுதான் வேதம், அவரே நம்பவில்லை. இரண்டு விலங்கின் எலும்புகளை ஒட்ட வைத்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்டார். அது நிலைத்திருந்தால் மேரியின் பிழைப்பே போயிருக்கும். போலி விற்றவள் என்ற பெயரோடு யாரிடம் அடுத்த கல்லை விற்பது?

1824 பிப்ரவரியில் லண்டன் புவியியல் கழகத்தில் கோனிபேர் என்ற புவியியலாளர் அந்த எலும்புக்கூட்டை விளக்கினார். இன்னொரு புவியியலாளர் பக்லாண்ட், நாம் இன்று டைனோசர் என்று சொல்லும் மெகலோசாரஸை அறிவித்ததும் அதே கூட்டத்தில்தான். குவியேயும் பிறகு தன் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால் கோனிபேரின் உரையில் மேரியின் பெயர் வரவில்லை. பெண் என்பதால் அவர் அந்த அவைக்குள் போகவும் முடியாது. இதைப் படித்த அன்று எனக்கு மனசே ஆறவில்லை.

அந்த எலும்புக்கூட்டை மேரியே ஒரு கடிதத்தில் மையால் வரைந்திருக்கிறார். இணையத்தில் கிடைக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள். கழுத்தின் ஒவ்வொரு எலும்பையும் தனித்தனியாக வரைந்திருப்பார்.