8 சானல் போட்டும் சிறுமூளை கருப்பாக வருவது: காயில் கோளாறா?

7 டெஸ்லா எம்ஆர்ஐயில் 8 சானல் இணை டிரான்ஸ்மிட் காயில் (தலைக்கு ரேடியோ அலை அனுப்பும் ஆன்டெனா) போட்டும் மூளைப் படத்தில் சிறுமூளை கருப்பாக வருகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காயிலில் கோளாறு இல்லை. நீங்கள் இன்னும் பழைய வட்ட முனைவாக்க முறையில்தான் ஸ்கேன் எடுக்கிறீர்கள் போலிருக்கிறது. அதில் 8 சானலும் மாறாத கட்ட (ஃபேஸ்) வித்தியாசத்தில் ஓடும். ஒற்றை டிரான்ஸ்மிட் இருந்த காலத்துப் படமேதான் வரும்.

காரணம் அலைநீளம். 7 டெஸ்லாவில் புரோட்டான் அதிர்வெண் சுமார் 298 மெகாஹெர்ட்ஸ். மூளைத் திசுவுக்குள் அலைநீளம் 12-13 செ.மீ.தான், தலையின் அகலத்தைவிடக் குறைவு. அதனால் நடுவில் ஃபிளிப் கோணம் (ரேடியோ பல்ஸ் புரோட்டான்களின் காந்தத்தைச் சாய்க்கும் அளவு) ஏறும். டெம்போரல் (காதோர மூளை) அடிப்பகுதியிலும் சிறுமூளையிலும் இறங்கும். எம்பிரேஜ் என்ற மூளை அமைப்பு ஸ்கேனில், காந்தத்தைத் தலைகீழாக்க வேண்டிய இன்வர்ஷன் பல்ஸும் அங்கே முழுதாகப் புரட்டாது.

உறுதி செய்ய:

1. எண்ணெய் ஃபாண்டம் (தலைக்குப் பதில் வைக்கும் சோதனைப் பொருள்) வைத்து B1 மேப் (ரேடியோ அலையின் வலிமை எங்கே எவ்வளவு என்று காட்டும் படம்) எடுங்கள். எண்ணெயில் அலைநீளம் மிக நீளம் என்பதால் மேப் ஏறக்குறைய சீராக வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் கருத்தால் அந்தச் சானலின் கேபிள், ஆம்ப்ளிஃபயர் பக்கம் பாருங்கள். (எண்ணெய் தலையைப் போலக் காயிலுக்குச் சரியான லோடு இல்லை, சிறு வேறுபாட்டுக்குப் பதற வேண்டாம்.)

2. மேப் சீராக இருந்தால் எல்லோருக்கும் பொதுவாக முன்கூட்டியே கணக்கிட்ட, 8 சானலையும் தனித்தனியாக ஓட்டும் யுனிவர்சல் பல்ஸ் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தலைக்கும் தனி மேப் தேவையில்லை.

ரெஃபரன்ஸ் வோல்டேஜை (பல்ஸின் வலிமையை நிர்ணயிக்கும் மின்னழுத்தம்) ஏற்றிச் சமாளிக்காதீர்கள்: 20% ஏற்றினால் சார் (SAR, உடல் உறிஞ்சும் ரேடியோ ஆற்றலின் அளவு) 44% ஏறும், நடுப்பகுதியும் கெடும்.

கால்சியம் டைட்டனேட்டைக் கனநீரில் குழைத்து, தலையை ஒட்டி வைக்கும் பேடும் உதவும். ஆனால் இணை டிரான்ஸ்மிட்டின் சார் கணக்கிடும் மாதிரியில் பேடு சேர்க்கப்பட்டிருக்காவிட்டால், பாதுகாப்பு அலுவலர் சம்மதமில்லாமல் ஆளுக்கு வைக்காதீர்கள்.