வால்நட் என்ற சொல்லில் உள்ள ‘வால்’ என்ன?

நம் வாலும் இல்லை, ஆங்கிலச் சுவரும் இல்லை. அந்த ‘வால்’ என்றால் அயலான்.

பழைய ஜெர்மானிய மொழியில் ‘வல்ஹஸ்’ என்றொரு சொல் இருந்தது. ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்புகளில் சொல்லும் ‘வோல்கே’ என்ற கெல்டிக் குழுவின் (கெல்டியர் ஐரோப்பாவின் பழைய மக்களினம்) பெயரே இதன் வேர் என்பது பரவலான கருத்து. பக்கத்தில் இருந்த ஒரு கூட்டத்தின் பெயர், அப்புறம் எல்லாக் கெல்டியருக்கும், பிறகு லத்தீன் பேசியவர்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

பிரிட்டனில் குடியேறிய, ஜெர்மானிய மொழி பேசிய ஆங்கிலோ-சாக்சன்கள் அங்கே ஏற்கெனவே இருந்தவர்களைத்தான் இப்படி அழைத்தார்கள். வேல்ஸ் என்ற பெயர் வந்தது அப்படித்தான். சொந்த மண்ணிலேயே அயலான் பட்டம்! பழைய ஆங்கிலத்தில் அதே சொல்லுக்கு அடிமை என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. வேல்ஸ்காரர்கள் தங்களை அழைத்துக்கொள்வதோ ‘கம்ரி’ என்று. ஒரே நாட்டவர் என்று பொருள்.

பெல்ஜியத்தின் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா எல்லாம் இதே வேர்தான். ஹங்கேரியனில் இது ஸ்லாவிய மொழிகள் வழியாக இரண்டு தடவை நுழைந்திருக்கிறது: ‘ஒலாஸ்’ என்றால் இத்தாலியர், ‘ஒலா’ என்றால் ருமேனியர் (பழைய வழக்கு). போலந்துக்காரர்களுக்கு இத்தாலி நாடே ‘வ்வோஹி’.

சரி, கொட்டைக்கு வருவோம். வடக்கே இருந்த ஜெர்மானியருக்குப் பழக்கமானது காட்டில் விளையும் ஹேசல் கொட்டை. நாம் அக்ரூட் என்கிறோமே, அது தெற்கே ரோமானியப் பகுதிகளிலிருந்து வந்தது. அதனால் அயலான் கொட்டை. போலிஷில் இன்றும் அதன் பெயர் ‘இத்தாலியக் கொட்டை’தான்.