மாமா மகனைக் கட்டுவதற்கு முன் இருவருக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை

கேள்வி: நாங்கள் ஹாலிஎல பக்கத்துத் தோட்டம். அக்காவின் மகனுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். மாதாமாதம் பதுளை ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றுகிறார்கள். எனக்கு அம்மாவின் தம்பி மகனைப் பேசியிருக்கிறார்கள். மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமா? பார்த்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அம்மா பயப்படுகிறார்.

பதில்: முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். ஆலோசகரிடம் போவதை அந்த முடிவைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

பிள்ளைக்குத் தலசீமியா என்றால், பெரும்பாலும் தாய், தகப்பன் இருவருமே காவிகள், அதாவது அந்த மரபணுக் குறையைச் சுமப்பவர்கள். அத்தான் குடும்பம் உங்கள் அக்காவை மட்டும் குறை சொன்னால் அது தவறு. அக்கா காவி என்றால் நீங்களும் காவியாக இருக்க 50% வாய்ப்பு. அந்தக் குறை உங்கள் அம்மா வழியாக வந்திருந்தால், மாமா மகனுக்கும் 25% வாய்ப்பு இருக்கிறது. அதனால் இருவரும் ஒன்றாகப் போய்ச் சோதியுங்கள். பெண்ணை மட்டும் அனுப்புவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காவிக்கு நோய் கிடையாது, நன்றாகவே இருப்பார். முழு இரத்தப் பரிசோதனையில் எம்சிவி (சிவப்பணுவின் பருமன்) 80க்கும் எம்சிஎச் (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் அளவு) 27க்கும் கீழே இருந்தால் சந்தேகப்படுவோம். ஆனால் இரும்புச்சத்துக் குறைந்தாலும் அதே எண்கள்தான் வரும். தோட்டத்தில் எத்தனையோ பெண்களுக்கு 'இரத்தம் குறைவு' என்று இரும்பு மாத்திரை கொடுத்து, விஷயத்தை அதோடு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள். குடும்பத்தில் நோய் இருப்பதைச் சொல்லி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி பரிசோதனையையும், உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேளுங்கள். இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தால் எச்பிஎல்சி முடிவு சரியாகத் தெரியாமல் போகலாம். அப்போது மாத்திரை முடிந்த பிறகு திரும்ப எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது என்பதை உங்கள் மிட்வைஃபிடமோ, அக்கா மகன் போகும் தலசீமியா பிரிவிலோ விசாரியுங்கள்.

இருவரில் ஒருவருக்கு முழு இரத்தப் பரிசோதனையும் எச்பிஎல்சியும் சுத்தமாக வந்தால், தலசீமியாவுக்காக ஆலோசகரைத் தேடி அலையத் தேவையில்லை. இருவரும் காவி என்றால் கட்டாயம் போங்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர 25% வாய்ப்பு. முதல் பிள்ளை நோயோடு பிறந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே 25% தான்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: கட்டு, கட்டாதே என்று ஆலோசகர் உத்தரவு போட மாட்டார். என்னென்ன வழி இருக்கிறது என்று விளக்குவார், முடிவு உங்கள் இருவருடையது. ஆனால் கர்ப்பமான பிறகு போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நம் இலங்கைச் சட்டப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருவைக் கலைக்கலாம். குழந்தைக்குத் தலசீமியா என்பது அதில் சேராது. எல்லா வழியும் திறந்திருப்பது கல்யாணத்துக்கு முன்னால்தான்.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இருக்கிறது. கடிதத்தோடு அனுப்பும்படி உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். அக்கா மகனின் கிளினிக் புத்தகத்தின் நகலையும் இருவரின் ரிப்போர்ட்டுகளையும் கொண்டு போங்கள். தமிழில் விளக்க ஆள் வேண்டும் என்று நாள் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.