சரக்கு இருக்கு, சங்கதி எங்கே?

வாசகர் கேள்விகளுக்கு, கேட்லாக் மேசையில் தலை நரைத்த ஒருத்தியின் பதில்கள்

கேள்வி: மின்விளக்கும் சுவிட்ச் சாமான்களும் தயாரிக்கிறோம். சில ஆயிரம் பொருள்கள். விவரமெல்லாம் எக்செல்லில், பில்லும் இருப்பும் ஈஆர்பி என்ற கணக்கு-கிடங்கு மென்பொருளில். பொருள்களின் விவரங்களை ஒரே இடத்தில் வைக்கும் 'பிம்' மென்பொருள் இல்லாமல் இனி ஆன்லைனில் விற்கவே முடியாது என்கிறார் ஒருவர். ஈஆர்பி செய்யாத எதை இது செய்துவிடப்போகிறது?

பதில்: அவர் விற்க வந்தவர், அப்படித்தான் சொல்வார். ஆனாலும் அவர் பேச்சில் விஷயம் இருக்கிறது.

ஈஆர்பிக்கு உங்கள் பல்பைப் பற்றித் தெரிய வேண்டியது கொஞ்சம்தான்: குறியீட்டு எண், விலை, வரி, கிடங்கில் எத்தனை. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு. அடிப்பகுதி ஈ27-ஆ, பி22-ஆ? (முன்னது 27 மில்லிமீட்டர் மரை, திருகிப் போடுவது, பின்னது 22 மில்லிமீட்டர், இரண்டு முளை வைத்து அழுத்தித் திருப்புவது.) எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு)? 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சமா, 6500 கெல்வின் வெள்ளையா? டிம்மரோடு வேலை செய்யுமா? இதற்கெல்லாம் ஈஆர்பியில் வழக்கமாக இடம் கிடையாது. எஸ்ஏபி என்ற ஈஆர்பியில் பொருளின் பெயருக்கு 40 எழுத்து. அதில் யாரோ 'எல்ஈடி ப. 9வா வெ பி22' என்று சுருக்கி அடித்திருப்பார். அதுவே இணையதளத்தில் தலைப்பாக வந்து நிற்கும்.

மற்ற விவரங்கள் எங்கே இருக்கும்? பொறியாளரின் வரைபடத்தில் பாதி, அட்டைப்பெட்டி வடிவமைத்தவரின் பிடிஎஃப்பில் மீதி, நல்ல படங்கள் விற்பனை ஆளின் கைபேசியில். பிம் என்பது இவை எல்லாவற்றுக்கும் ஒரே முகவரி. 'பல்பு' என்று ஒரு குடும்பம் வகுத்து, அதில் வரும் ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன கட்டங்கள் கட்டாயம் என்று விதி போடலாம். அடிப்பகுதிக் கட்டத்தில் கையால் தட்ட விடாமல், பட்டியலிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்க வைக்கலாம். இல்லையென்றால் நாலு பேர் 'ஈ27', 'ஈ-27', 'இ 27', 'ஸ்க்ரூ' என்று நாலு விதமாக எழுதுவார்கள். தளத்தில் 'ஈ27 மட்டும் காட்டு' என்று கேட்பவருக்கு உங்கள் பல்புகளில் பாதி கண்ணிலேயே படாது. இந்தப் பொருள் இந்தக் கடைக்கு, இந்த மொழியில் போகத் தயாரா, எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதையும் திரையிலேயே காட்டும். எனக்குப் பிடித்தது அந்தச் சதவீதம்தான். கூட்டத்தில் யாரும் 'எல்லாம் முடிஞ்சுது சார்' என்று கதை விட முடியாது.

எக்செல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரப் பிள்ளைதான், ஆனால் கேட்காமலே உதவி செய்கிற பிள்ளை. 13 இலக்க பார்கோடு எண்ணை அடித்தால் 8.9-இல் ஆரம்பித்து நடுவில் ஒரு 'ஈ', ஒரு கூட்டல் குறி என்று சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வி என்ற வெறும் எழுத்து ஃபைலாகச் சேமித்தால் பின்பாதி இலக்கங்கள் போயே போச்சு. முன்னால் வரும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். குழந்தை உடுப்பில் '3-4' என்று வயதைப் போட்டால் அதைத் தேதியாக்கிவிடும். மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இதோடு மல்லுக்கட்டி ஓய்ந்து, தேதியாக மாறிக்கொண்டிருந்த 'மார்ச்1' போன்ற பெயர்களைக் கைவிட்டுவிட்டதாக 2020-ல் அறிவித்தது. தமிழ் விவரம் உள்ள சிஎஸ்வியை நேரே இருமுறை சொடுக்கித் திறந்தால், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறை என்று புரிந்துகொள்ளாமல் எழுத்தெல்லாம் கிறுக்கலாக வருவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

சில நூறு பொருள், ஒரே தளம், ஒரே மொழி என்றால் எக்செல்லே போதும். எண் வரும் நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிட்டு நிம்மதியாக இருங்கள். உங்கள் அளவுக்கு, நாலைந்து தளங்களில் விற்பதாக இருந்தால் பிம் வேண்டும். வாங்குவதற்கு முன்னால் ஒரு தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் 'இதற்கு யார் பொறுப்பு' என்று ஒரு ஆளின் பெயரை எழுதுங்கள். துறையின் பெயர் வேண்டாம், ஆளின் பெயர். அந்தத் தாள் நிரம்பாதவரை மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். காலிக் கட்டம் எந்த மென்பொருளிலும் காலிக் கட்டம்தான்.

கேள்வி: நேற்றுவரை 'தகவல்' என்றவர்கள் இப்போது 'ப்ராடக்ட் எக்ஸ்பீரியன்ஸ்' என்கிறார்கள். பழைய பொருளுக்குப் புது லேபிளா?

பதில்: பாதி லேபிள்தான். பிரான்சின் நாந்த் நகரில் 2013-ல் தொடங்கிய அகெனியோ, பாஸ்டனின் சால்சிஃபை, சுவீடனின் இன்ரிவர் என்று பிம் விற்கிறவர்கள் எல்லாரும் இன்று 'அனுபவம்' என்றுதான் பேசுகிறார்கள். தகவலை விற்பதைவிட அனுபவத்தை விற்பது சுலபம், விலையும் கூடச் சொல்லலாம்.

மீதிப் பாதியில் உண்மை இருக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு மேசை விளக்கு தொடர்ந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. விளக்கில் பழுது எதுவும் இல்லை. திருப்பி அனுப்பிய காரணங்களை எடுத்துப் படித்தால், 'நினைத்ததைவிடச் சின்னது', 'படத்தில் பெரிதாகத் தெரிந்தது' என்று ஒரே பாட்டு. தளத்தில் உயரம் 52 சென்டிமீட்டர் என்று இருந்தது. அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து டேப் வைத்து அளந்தால் 38. அந்த 52 எங்கிருந்து வந்தது? அட்டைப்பெட்டியின் உயரம். லாரியில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதற்காக ஈஆர்பியில் போட்டுவைத்த அளவை யாரோ இழுத்துத் தளத்தில் விட்டிருக்கிறார்கள். எண் சரி, அது சொல்லும் பொருள் வேறு. பொருளின் அளவுக்கு ஒரு கட்டம், பெட்டியின் அளவுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, விளக்கின் பக்கத்தில் ஒரு கை இருப்பதுபோல ஒரு படமும் சேர்த்தோம். புகார் அடங்கிவிட்டது. விவரணையில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

தொட்டுப் பார்க்க முடியாதவருக்கு, பெட்டி வந்து பிரிக்கும்வரை அந்தப் படமும் எண்ணும்தான் பொருள். அனுபவம் என்பதை நான் அவ்வளவாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். கூடவே, ஆளுக்கு ஏற்ப, இடத்துக்கு ஏற்ப அதே உண்மையை வெட்டித் தருவது. எலெக்ட்ரீஷியனுக்குக் கூரையில் எத்தனை மில்லிமீட்டர் துளை போட வேண்டும் என்பது முதலில் வேண்டும். வீட்டுக்காரருக்கு அறையில் எரியும் படம். அமேசானில் முதல் படம் தூய வெள்ளைப் பின்னணியில், சட்டத்தின் 85 சதவீதத்தைப் பொருளே அடைத்திருக்க வேண்டும். கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் தலைப்புக்கு 150 எழுத்து. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபைல் வைத்தால் ஒரே மாதத்தில் ஐந்து ஃபைலும் ஐந்து கதை சொல்லும்.

கேள்வி: விவரணைகளை இனி ஏஐயே எழுதிவிடுமே, பிம் எதற்கு, நீங்கள்தான் எதற்கு?

பதில்: இரண்டாவது கேள்வியை என் ஆசிரியரும் கேட்கிறார்.

முதலாவதற்கு வருகிறேன். ஏஐ எழுதும், அழகாகவே எழுதும். கட்டங்கள் நிரம்பியிருந்தால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் விவரணை எழுதித் தரும், மொழிபெயர்த்தும் தரும். அந்த வேலையை அதனிடம் தாராளமாகக் கொடுங்கள். கட்டம் காலி என்றால் ஊகித்துவிடும், ஊகித்தது என்று சொல்லவும் சொல்லாது. தோட்ட விளக்கு ஒன்றில், தூசியும் தண்ணீரும் எவ்வளவு புகாது என்று காட்டும் ஐபி குறி ஐபி44 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 4, ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது என்கிறது. இரண்டாவது 4, எந்தப் பக்கம் இருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்கிறது. தெறித்தால் மட்டும். ஐபி67 என்றால்தான் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். இந்த வித்தியாசத்தை விழுங்கிவிட்டு, 'தண்ணீருக்கு அஞ்சாத விளக்கு' என்று ஏஐ ஒரு வரி போட்டால், அதை நம்பி யாராவது குளத்துக்குள் வைப்பார்கள். மின்சாரச் சாமான் ஐயா, இதில் கவிதை வேண்டாம். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சொற்கள் பிம்மில் உள்ள கட்டத்திலிருந்து நேராக வரட்டும், ஏஐ அவற்றைத் தொடக் கூடாது என்று விதி போடுங்கள்.

கேள்வி: ஒரு மாடலை நிறுத்திவிட்டோம். அதன் பார்கோடு எண்ணைப் புது மாடலுக்குப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பின் விதிப்படி 2019 முதல் ஒரு பொருளுக்குக் கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. பழைய மாடலின் படமும் விமர்சனமும் இணையத்தில் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். நிறமோ அளவோ மாறினாலும் தனி எண்.

கேள்வி: மின்சார ஸ்கூட்டர் பேட்டரிகளை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்கிறோம். 'பேட்டரி பாஸ்போர்ட்' என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: பயம் வேண்டாம், வேலை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல் மின்சார வாகன பேட்டரி, ஸ்கூட்டர் போன்ற இலகு வாகன பேட்டரி, 2 கிலோவாட்-மணிக்கு மேற்பட்ட தொழிற்சாலை பேட்டரி ஆகியவற்றுக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் கட்டாயம். பேட்டரியின் மேல் ஒரு க்யூஆர் குறி. அதைப் படித்தால் வேதிப்பொருள், கொள்திறன், கரியமிலத் தடம், மறுசுழற்சிப் பொருளின் பங்கு எல்லாம் வர வேண்டும். சில விவரம் எல்லாருக்கும், சில விவரம் உரிமை உள்ளவர்களுக்கு மட்டும். தனித்தனி பேட்டரிக்குத் தனித்தனிப் பதிவு என்பதால் மாடல் அளவில் விவரம் வைக்கும் பிம் மட்டும் போதாது, ஆனால் மாடலுக்குப் பொதுவான விவரங்கள் அங்கேதான் இருக்க வேண்டும். இன்றைக்கே செய்ய வேண்டியது, பேட்டரிக்குள் இருக்கும் செல்லைத் தயாரிப்பவரிடம் எழுத்தில் விவரம் கேட்பது. பதில் வர நாளாகும். 2024-ல் அமலுக்கு வந்த இன்னொரு ஐரோப்பியச் சட்டம், இதே பாஸ்போர்ட்டைத் துணி உள்ளிட்ட மற்றப் பொருள்களுக்கும் படிப்படியாகக் கொண்டுவர வழி வைத்திருக்கிறது. ஆகவே ஜவுளிக்காரர்களும் இந்தப் பதிலைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கேட்லாக் டேட்டா வேலைக்கு நேர்காணல் வந்திருக்கிறது. என்ன கேட்பார்கள்?

பதில்: நான் கேட்டதைச் சொல்கிறேன். ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, இருபது கட்டம் உள்ள படிவத்தை நிரப்பச் சொல்வேன். பெட்டியில் பதினைந்துக்குத்தான் விடை இருக்கும். மிச்ச ஐந்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் 'வரைபடம் யாரிடம் இருக்கிறது?' என்று எழுதியவர்களை எடுத்துக்கொண்டேன். இருபதையும் நிரப்பியவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.