கதை யார் கையில்? வாசகர் கேள்வி பதில்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டங்களைப் பற்றி வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மேசையில் ஒருவர் கேம் மாஸ்டராக உட்கார்ந்து உலகத்தை விவரிக்கிறார், மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டரை நடத்துகிறார்கள், சந்தேகமான இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்கிறது. இதில் யார் பேச்சு எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் எல்லோருக்கும் குழப்பம்.

கேள்வி: நான்கு நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடத்துகிறேன். மலைக்கோட்டையில் இருக்கும் ஒரு மந்திரவாதியை வைத்துப் பெரிய கதை எழுதி வைத்திருந்தேன். அவர்களோ முதல் நாளே அடிவாரச் சந்தையில் ஒரு திருடனைப் பிடித்துக்கொண்டு, அவன் பின்னாலேயே துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். இழுத்துப் பிடிப்பதா, விட்டுவிடுவதா?

அவர்களை விடுங்கள், மந்திரவாதியை விடாதீர்கள். அவனுக்கு என்ன வேண்டும், அதற்காக அடுத்து என்ன செய்வான், யாரும் தடுக்காவிட்டால் எத்தனை நாளில் முடிப்பான், இந்த மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும், அந்தப் பெரிய கதை தேவையே இல்லை. துறைமுகத்தில் இவர்கள் திருடனோடு பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது மலைக்கோட்டைக்குப் போகவேண்டிய கந்தக மூட்டைகள் அங்கேதான் கப்பலிலிருந்து இறங்கும், சுமை தூக்கிக்கொண்டு மலைக்குப் போன கூலியாட்கள் யாரும் திரும்பவில்லை என்று கள்ளுக்கடையில் பேச்சு அடிபடும். அதைக் கேட்டும் கப்பலேறுகிறார்களா, ஏறட்டும். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வரும்போது அடிவாரச் சந்தை என்ன ஆகியிருக்கிறது என்று காட்டுங்கள். அவர்கள் எடுத்த முடிவுக்கு உலகம் சொல்லும் பதில் அது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: மலைக்கோட்டையைச் சத்தமில்லாமல் பெயர்த்துக்கொண்டு வந்து துறைமுகத்தில் வைப்பது. எந்தக் கதவைத் திறந்தாலும் அதே ராட்சதன்தான் நிற்பான் என்றால் கதவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில் அர்த்தமே இல்லை, கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அது புரிந்துவிடும்.

அப்புறம், இது இந்த ஆட்டத்தின் பிறப்பிலேயே இருக்கும் விஷயம். 1969 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலப் போர் ஆட்டம் ஒன்றை நடத்தினார். களம் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். வந்தவர்களுக்குப் படைகளைப் பிரித்துக் கொடுத்ததோடு நிற்காமல் மேயர், வங்கிக்காரர் என்று தனி வேடங்களும் கொடுத்தார். அவர்கள் போரை ஓரமாக வைத்துவிட்டு ஊருக்குள் சதி செய்ய ஆரம்பித்தார்கள், இரண்டு பேர் வந்து நாங்கள் ஒண்டிக்கு ஒண்டி சண்டை போடப்போகிறோம் என்றார்கள். அதற்கு விதியே கிடையாது, வெஸ்லி அந்த இடத்திலேயே யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் கெட்டுவிட்டது என்றுதான் அவர் நினைத்தார், ஆடியவர்கள் மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் இதை வளர்த்துக்கொண்டு போய், பிறகு கேரி கைகாக்ஸ் என்ற இன்னொரு ஆட்ட வடிவமைப்பாளரோடு சேர்ந்ததில்தான் 1974-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது. உங்கள் நண்பர்கள் துறைமுகத்துக்குப் போனதும் அந்த வழியில்தான்.

கேள்வி: எங்கள் கேம் மாஸ்டர் என் அண்ணனின் நண்பர், நன்றாகக் கதை சொல்வார். ஆனால் எதற்கெடுத்தாலும் பகடை உருட்டச் சொல்வார், ஜெயித்தாலும் "சரி, இன்னொரு தடவை உருட்டு" என்பார், கடைசியில் அவர் நினைத்ததுதான் நடக்கும். எப்படிச் சொல்வது?

பகடையைக் கையில் எடுத்ததும் உடனே உருட்டாதீர்கள். "அண்ணா, இதில் ஜெயித்தால் என்ன கிடைக்கும், தோற்றால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும், ஏனென்றால் வாய்விட்டுச் சொன்ன பிறகு அவரால் அதை மாற்றுவது கடினம். மேசையில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள் அல்லவா.

ஆடுகிறவர்களின் பங்கு என்றதும் பலர் கதை எழுதும் உரிமையைத்தான் நினைக்கிறார்கள். என் கருத்து வேறு. எதற்காக எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரிந்து முடிவெடுப்பதுதான் முதல் உரிமை, அது இல்லாமல் மற்ற எதைக் கொடுத்தாலும் பயனில்லை.

ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க் ஆட்டத்தில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். காவல்காரனைத் தாண்டி மாடிக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பதுங்கிப் போவதா, பேசி ஏமாற்றுவதா, அடித்துப் போடுவதா என்பதை, அதற்கு எந்தத் திறமையை வைத்துப் பகடை உருட்டுவது என்பது உட்பட, ஆடுகிறவர்தான் சொல்வார், கேம் மாஸ்டர் மாற்ற முடியாது. அது எவ்வளவு ஆபத்து, எவ்வளவு பலன் தரும் என்பதைச் சொல்வது கேம் மாஸ்டர். "அடித்துப் போடலாம், ஆனால் கீழே இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள், சத்தம் கேட்டால் நீ தொலைந்தாய்" என்று அவர் சொன்ன பிறகு மனசு மாறி வேறு வழி பார்க்கலாம், பகடை இன்னும் உருளவில்லை. உருண்டு மோசமாக விழுந்து, "தோளில் கத்திக் குத்து" என்று அவர் சொன்னாலும் அதோடு முடிவதில்லை. ஸ்ட்ரெஸ், அதாவது கேரக்டர் தாங்கும் அழுத்தம், அந்தக் கணக்கில் விலை கொடுக்கத் தயாராக இருந்தால் அந்த விளைவை எதிர்க்க ஆடுகிறவருக்கு எப்போதும் உரிமை உண்டு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு முடிவு எப்படி மாறுகிறது பாருங்கள், யாரும் யாரையும் மடக்கவில்லை.

ஜெயித்த பிறகு திரும்பத் திரும்ப உருட்டச் சொல்வதற்கு லூக் கிரேன் எழுதிய பர்னிங் வீல் ஆட்டத்தில் நேரான பதில் இருக்கிறது: ஒரு காரியத்துக்கு ஒரு உருட்டல், நிலைமை உண்மையிலேயே மாறாதவரை அதுதான் முடிவு. இது இரண்டு பக்கமும் பொருந்தும், தோற்ற பிறகு நீங்களும் இன்னொரு தடவை கேட்கக்கூடாது. இதையெல்லாம் மற்றவர்கள் முன்னால் சட்டம் பேசுவதுபோல் சொல்லாமல், ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது தனியாகச் சொல்லுங்கள். நன்றாகக் கதை சொல்கிறவர் என்கிறீர்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்.

கேள்வி: நான் எல்லாவற்றையும் பிளேயர்களிடமே விட்டுவிடுகிறேன். "இந்த ஊரில் என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்" என்றால் எல்லோரும் முழிக்கிறார்கள்.

கேள்வி ரொம்ப அகலம். வெற்றுத்தாளை நீட்டினால் யாருக்கும் கை ஓடாது. பாதியை நீங்கள் சொல்லிவிட்டு மீதியைக் கேளுங்கள், அதுவும் ஒருவரிடம், அவருடைய கேரக்டருக்குச் சம்பந்தமானதை. "இந்த ஊர்ச் சாவடியில் உன்னை ஒருத்தன் அடையாளம் கண்டுகொள்கிறான், உனக்கும் அவனுக்கும் என்ன பகை?" பகை உண்டு என்பது உங்கள் முடிவு, என்ன பகை என்பது அவருடையது. 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்தில் "கேட்டுக்கொண்டே இரு, கிடைத்த பதிலின்மேல் கட்டு" என்பது கேம் மாஸ்டருக்கான அறிவுரையாகவே இருக்கிறது.

ஆனால் சிலருக்கு இது பிடிக்கவே பிடிக்காது, அவர்களை விட்டுவிடுங்கள். மறைந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் சுகத்துக்காகவே ஆட வருகிறவர்கள் உண்டு. துப்பறியும் கதையில் அவர்களிடம் கொலைகாரன் யார் என்று நீங்களே சொல்லுங்கள் என்றால் வந்த காரியமே போய்விடும். யாருக்கு எது வேண்டும் என்று முதல் செஷனுக்கு முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். எதெல்லாம் கதையில் வரவே கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள், அந்த விஷயத்தில் கேம் மாஸ்டரின் அதிகாரம் யாரைவிடவும் பெரியதில்லை.

கேள்வி: ஐந்து பேரில் ஒருவரே எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்.

இங்கே நீங்கள் கறாராக இருக்கவேண்டும். "அடுத்து என்ன செய்கிறீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் வாய் வேகமானவர்தான் பதில் சொல்வார். பேசாமல் இருப்பவரை அவருடைய கேரக்டர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவரை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: கேம் மாஸ்டரே இல்லாமல் ஆட முடியாதா?

தாராளமாக முடியும். ஜேசன் மார்னிங்ஸ்டாரின் ஃபியாஸ்கோ ஆட்டத்தில் அந்தப் பொறுப்பே கிடையாது, மூன்று முதல் ஐந்து பேர் ஒரே இரவில் ஆடி முடிக்கலாம். பென் ராபின்ஸின் மைக்ரோஸ்கோப்பும் அப்படித்தான், ஒரு பெரிய வரலாற்றையே மேசையில் இருப்பவர்கள் சேர்ந்து உருவாக்குவார்கள். ஆனால் அதில் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: உங்கள் முறை வரும்போது நீங்கள் சொல்வதுதான், பக்கத்தில் இருப்பவர் யோசனைகூடச் சொல்லக்கூடாது. முதல் தடவை ஆடும்போது பாதிப் பேர் இந்த விதியைத் தளர்த்திவிடலாம் என்பார்கள். தளர்த்தாமல் ஆடிப் பாருங்கள்.